எர்த் வயர்

குதைபியாவில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
கதவைத் திறந்த ரோமெலுக்குப் பின்னால்
வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள்,
நடுவில் ஒரு எடைமெஷின்.
விமானத்தில் முப்பது கிலோதான், பிரதர்,
இருபத்தொன்பதரை ஆகிவிட்டது என்றான்.
கிடார் கட்டிலில் கிடந்தது,
உறை உருவிய வெறும் மெத்தையில்,
ஊருக்குக் கிளம்பாத ஒரே ஆள் போல.

அவன் வாசித்த ஹோட்டல் பாரை மூடிவிட்டார்கள்.
ஒன்பது வருடம், வாரத்துக்கு ஆறு இரவு,
குடித்தவர்கள் கேட்டதையெல்லாம் வாசித்த கிடார்.
ஜப்பானில் செய்தது.
கழுத்தின் பின்புறம் வார்னிஷ் போய்
மரம் தெரிந்தது, கட்டைவிரல் நடந்த ஒற்றையடிப் பாதை.
ஃப்ரெட்டுகள் இன்னும் பத்து வருடம் தாங்கும்.
நூற்றிருபது தினார்.
புதிதென்றால் முந்நூறு, என் இரண்டு மாதச் சம்பளம்.

கொஞ்சம் இரைச்சல் இருக்கு என்று
அவனாகவே சொன்னான். ஆம்ப்பில் செருகினான்.
ஃபேன் மோட்டார் தேய்ந்த ஏசி போல உறுமியது.
கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
அடங்கியிருக்க வேண்டும்.
அடங்கவில்லை.

அடுப்பில் சோறு பொங்கியது, அவன் ஓடினான்.
என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் உண்டு.
பின்தட்டைக் கழற்றினால்
கறுப்பு வயர் ஒன்று ஸ்பிரிங்கின் பிடியை விட்டு
தனியாக நின்றது.
எர்த்.
பொட்டு ஈயம், ஒரு நிமிட வேலை.

கடைசித் திருகை நான் முறுக்கும்போது
கையைத் துடைத்தபடி வாசலில் நின்றான்.
பார்த்தீங்களா?
ஏசி பார்க்கப் போகும் வீடுகளில்
கம்ப்ரஸர் போச்சு மேடம் என்று சொல்லும் முகம் ஒன்று
எனக்கு உண்டு.
அதை மாட்டிக்கொண்டேன்.
உள்ளே பெரிய கோளாறு என்றேன்.
ஐம்பது என்றேன்.
அவன் கிடாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.
எழுபது.
அறுபத்தைந்தில் முடிந்தது, பெட்டியும் சேர்த்து.

எண்ணி வாங்கியவன்
அதிலிருந்து ஒரு தினாரை உருவி நீட்டினான்.
டாக்ஸியில் போங்க, பஸ்ஸில் இடிப்பார்கள்.

பஸ்ஸில்தான் வந்தேன்.
முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திப் பிடித்துக்கொண்டு
சல்மாபாத் வரை.

அறையில் ஆறு பேர், மூன்று ஷிஃப்ட்.
எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.
பெட்டியைப் பார்த்ததும் பிச்சைமணி தலையில் கை வைத்தான்.
கரன்ட் கிடார்டா, கரன்ட் கொடுக்காவிட்டால்
கொசு அளவுதான் பாடும் என்று
சமாதானம் சொன்னேன்.
அது பொய்யில்லை.

காரிடாரில் உட்கார்ந்து பற்றவைக்கப் போனபோது
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்:
வயர் விட்டுப்போன இடத்தில்
பழைய ஈயம், அதன் மேல் கொஞ்சம் வெளுத்த ஈயம்,
அதற்கும் மேல் ஒன்று.
மூன்று தடவை இதே இடத்தில்
இதே வயரை ஒருவன் ஒட்டியிருக்கிறான்.

அவனுக்குத் தெரியும்.
எந்த வயர், எத்தனை நிமிடம், எவ்வளவு ஈயம்.
பெரிய கோளாறு என்று நான் சொன்னபோதும்
தெரியும்.
முப்பது கிலோவுக்குள் அடங்காத ஒன்றை
யாரிடமாவது விட்டுப் போக வேண்டியவன்
என் முகத்தை விலை பேசாமல் வாங்கிக்கொண்டான்.

நான்காவது பொட்டை வைத்தேன்.
ஊதினேன்.
வயரை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.
கீழ்க்கட்டிலில் காசிம் நைட் ஷிஃப்ட் தூக்கத்தில் இருக்க
ஆறு கம்பியையும் ஒருமுறை வருடினேன்.
யாரும் புரண்டு படுக்கவில்லை.

இரைச்சல் போய்விட்டதா என்று தெரிய
ஆம்ப் வேண்டும்.
அது அடுத்த சம்பளத்தில், அல்லது அதற்கடுத்ததில்.
அதுவரை
சரிசெய்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது.

டாக்ஸி தினார்
ஸ்க்ரூடிரைவர் பக்கத்திலேயே
சட்டைப்பையில் இருக்கிறது.